வெள்ளி விளையாட்டு - 9: பேரல் யாரை ஞாபகம் வெச்சுக்கும்?

போன ரெண்டு வெள்ளியும் பதிவு வரலை. ஆணி அதிகம். சுவீடன்ல நவம்பர்னா மத்தியானம் மூணரைக்கே இருட்டிடும். லேப்ல இருந்து வெளிய வந்தா ராத்திரி பத்து மணி மாதிரி இருக்கும், வாட்ச்சைப் பார்த்தா நாலு மணி. "ஏன் எழுதலை?"ன்னு விசாரிச்ச ரெண்டே ரெண்டு பேருக்கும் நன்றி. (அதுல ஒருத்தர் எங்க அண்ணா. அது கணக்குல சேராது :-))

புதுசா வர்றவங்களுக்கு: இந்தத் தொடர்ல வாரம் ஒரு பொருள். வீடியோ கேம்ல நாம கண்டுக்காம தாண்டிப் போற பொருளா எடுத்துக்கிட்டு அதைப் பத்தி மட்டும் பேசுவோம். கதவு, ஏணி, லிஃப்ட் எல்லாம் முடிஞ்சது. இந்த வாரம் பேரல். சுட்டா வெடிக்குமே, அதேதான். கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுட்டு வந்துடுங்க.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஷூட்டர் எதை எடுத்தாலும் கதை ஒண்ணுதான். நாம எங்கயோ வேற கிரகத்துல, ஏதோ ஒரு ஆராய்ச்சி நிலையத்துல இருப்போம். கோடி கோடியா கொட்டிக் கட்டின நிலையம். அங்க வேலை பார்க்கிறவங்க எல்லாம் பெரிய விஞ்ஞானிங்க. ஆனா நடைபாதைக்கு நடுவுல, மாடிப்படி ஓரத்துல, காவலுக்கு நிக்கிற ஆளோட காலடியில, லேசா தட்டினாலே வெடிக்கிற பேரலை வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க. இவங்களுக்கு பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தர் கிடையவே கிடையாதா? :-)

இந்தப் பேரல் வகையறாவுக்கு தாத்தான்னு நான் சொல்றது டூம். 1993 டிசம்பர்ல ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டது. இடம், செவ்வாய் கிரகத்தோட நிலாக்கள். "சிவப்பு பேரல்"னு நாம எல்லாரும் பழக்கத்துல சொல்றோம், ஆனா டூம் பேரல் சிவப்பே இல்லை. சாம்பல் நிறத் தகரம், மேல பச்சையா ஒரு கூழ். அது என்ன கூழ்னு யாரும் விளக்கம் சொல்லலை, யாரும் கேட்கவும் இல்லை. சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல இது ஒரு வசதி. உலகப்போர் கேம்னா பேரல்ல பெட்ரோல்தான் வெச்சாகணும். வேற கிரகம்னா எதையும் ஊத்திக்கலாம்.

அந்தப் பேரலுக்கு உயிர் 20 புள்ளி. டூம்ல கைத்துப்பாக்கி குண்டு ஒண்ணு 5, 10, 15ன்னு ஏதாவது ஒரு அளவுல அடிக்கும். அதனால ஒரே குண்டுல பேரலை வெடிக்க வைக்க முடியாது, குறைஞ்சது ரெண்டு வேணும். வெடிச்சா பக்கத்துல 128 புள்ளி வரைக்கும் அடி விழும், தள்ளிப் போகப்போக குறையும். நமக்கு முழு உயிர்ங்கிறதே 100தான். இன்னொரு அழகும் உண்டு: உயிர் போன உடனே பேரல் வெடிக்காது. அரை வினாடிக்கும் குறைவா ஒரு தாமதம் இருக்கும். அதனாலதான் வரிசையா பத்து பேரல் இருந்தா டமார்னு ஒரே சத்தமா கேட்காம, சரவெடி மாதிரி ஒண்ணு மாத்தி ஒண்ணா போகும். அடுத்த வருஷம் வந்த டூம் 2ல 23வது லெவலுக்கு "பேரல்ஸ் ஓ ஃபன்"னே பேரு. லெவல் பூரா பேரல்தான்.

ஏன் வைக்கிறாங்க? டிசைன் பாடத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததை சுருக்கமா சொல்றேன். குண்டு கம்மியா இருக்கறவனுக்கு அது இலவச ராக்கெட். யோசிக்கிறவனுக்கு பரிசு, யோசிக்காம அதுக்குப் பின்னாடியே ஒளியறவனுக்கு தண்டனை. அதோட, சுத்தி இருக்கற சுவரும் தரையும் வெறும் படம் இல்லை, இந்த இடத்தை நீ மாத்தலாம்னு ஆட்டக்காரனுக்குச் சொல்ற முதல் பொருளே அதுதான்.

அதுக்கப்புறம் வந்தவங்க ஆளுக்கொரு மெருகு ஏத்தினாங்க. 2004ல வந்த ஹாஃப் லைஃப் 2ல பேரல் அசல் சிவப்பு. லேசா அடிபட்டா முதல்ல தீப்பிடிச்சு எரியும், கொஞ்ச நேரம் கழிச்சுதான் வெடிக்கும். கிராவிட்டி கன் கையில இருந்தா எரியறதையே தூக்கி எதிரி மேல வீசலாம். 2001ல வந்த ஹேலோவுல பேரலுக்கு பதிலா ஃப்யூஷன் காயில். அந்த கேமோட கடைசி லெவல் ஞாபகம் இருக்கா? கப்பலோட ஃப்யூஷன் ரியாக்டர்களை ஒவ்வொண்ணா உடைச்சுட்டு ஜீப்ல ஓடித் தப்பிக்கணும். அதாவது கிளைமாக்ஸ்ல கப்பலே ஒரு பெரிய பேரல். 2021ல வந்த ஹேலோ இன்ஃபினிட்ல காயிலை கையிலயே எடுத்து வீசலாம்.

நிற்க. இதெல்லாம் நான் இப்ப ஏன் நோண்டிக்கிட்டு இருக்கேன்னா, இந்த செமஸ்டர் எங்க குரூப் ப்ராஜெக்ட் ஒரு சின்ன ஷூட்டர். டீம்ல நாலு பேர். ஒரு சுவீடன் பையன், ஒரு பிரேசில்காரர், லெவல் டிசைன் பண்ற ஒரு போலந்து பொண்ணு, அப்புறம் நான். எனக்கு வந்த வேலை "சுற்றுப்புறப் பொருட்கள்". தமிழ்ல சொன்னா, பேரல் :-(

ரெண்டே நாள்ல முடிச்சுட்டேன். சுட்டா வெடிக்குது, பக்கத்துப் பேரலும் வெடிக்குது, தூள். டெமோ காமிச்சப்ப ப்ரொஃபசர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தர் முதல் பேரலைச் சுடறார். அது ரெண்டாவதை வெடிக்க வைக்குது, ரெண்டாவது மூணாவதை. மூணாவதுக்குப் பக்கத்துல நின்ன ஆள் செத்துட்டார். பாயின்ட் யாருக்கு?"

நான் முழிச்சேன். என் பேரலுக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது உயிர் எவ்வளவு மிச்சம்ங்கிறது மட்டும்தான்.

சரி, பெரியவங்க எப்படிப் பண்ணியிருக்காங்கன்னு பார்ப்போம்னு டூம் நிரலை எடுத்தேன். 1997 டிசம்பர்லயே அதை எல்லாரும் படிக்கற மாதிரி வெளியிட்டுட்டாங்க. அதுல அடி விழற இடத்துல ரெண்டு பேரை தனித்தனியா அனுப்பறாங்க. எந்தப் பொருளால அடி விழுந்ததுங்கிறது ஒண்ணு, அதுக்கு யார் பொறுப்புங்கிறது இன்னொண்ணு. பேரலால அடிபட்டாலும், பழி பேரல் மேல போகாது. பேரலை அடிச்சவன் மேல போகும். ஒரு இம்ப் நம்ம மேல வீசின நெருப்புப் பந்து தவறிப் போய் பேரல்ல பட்டு, அந்த அடியை பேரல் தாங்கிடுச்சுன்னு வைங்க. அப்புறம் அது வெடிச்சு ஒரு ஜோம்பி சிப்பாய்க்கு அடிபட்டா, சிப்பாய் நம்மள விட்டுட்டு இம்ப் பக்கம் திரும்பிடுவான். சின்ன வயசுல இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். அதுக்குப் பின்னாடி இவ்வளவு ஒழுங்கான ஒரு கணக்கு இருக்குன்னு அப்ப தெரியாது.

இதுல ரெண்டு நுணுக்கம். ஒண்ணு, பேரல் தன்னை முதல்ல அடிச்சவனைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். அவனுக்கப்புறம் பத்து பேர் அடிச்சாலும் மாத்திக்காது. ரெண்டு, அந்த முதல் அடியைத் தாங்கி உயிரோட இருந்தாதான் ஞாபகமே பதியும். ஒரே அடியில போயிட்டா யாரையும் ஞாபகம் வெச்சுக்காது. ராக்கெட் நேரா பட்டா அப்படித்தான். பக்கத்துப் பேரல் வெடிச்சுப் போனாலும் பெரும்பாலும் அப்படித்தான், அவ்வளவு பெரிய அடி. அதாவது ப்ரொஃபசர் கேட்ட சங்கிலியில, ரெண்டாவது பேரல்லயே பழி தொலைஞ்சு போயிடும். மூணாவது வெடிச்சு ஆள் செத்தா, செத்ததுக்கு யாரும் பொறுப்பில்லை.

அதே கம்பெனி 1996ல குவேக் எழுதினப்ப இந்த வம்பே வேண்டாம்னு விட்டுட்டாங்க. அதுல வெடிக்கிற பெட்டி யாரையும் ஞாபகம் வெச்சுக்காது, தன்னையேதான் கொன்னவனா காட்டும். செத்தவன் பேரைப் போட்டு "வெடிச்சுப் போனார்"ங்கிற மாதிரி ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

இதைப் படிச்சுட்டு, நம்ம கேம்ல எத்தனை பேரல் தாண்டினாலும் முதல்ல சுட்டவன் பேரை கைமாத்திக் கைமாத்தி அனுப்பிடலாம்னு எழுதினேன். வேலை செஞ்சது. ஒரே பெருமை. அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வீடியோ கால் போட்டப்ப அப்பாவுக்கும் காமிச்சேன்.

எங்க அப்பாவைப் பத்தி முன்னாடி ஒரு பதிவுல சொல்லியிருக்கேன். கோயமுத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஒரு பட்டறை. ரெண்டு லேத்து, ஒரு ட்ரில்லிங் மெஷின், வெல்டிங், கேஸ் கட்டிங். நான் கம்ப்யூட்டர்னு ஒண்ணைத் தொட்டதே அந்தப் பட்டறை ஆபீஸ் ரூம்லதான். பில் போடறதுக்குன்னு வாங்கின பழைய பெட்டி, அதுல யாரோ ஏத்தி வெச்ச டூம். சாப்பாட்டு நேரத்துல நான், எங்க அண்ணா, அப்புறம் பட்டறையில வேலை கத்துக்கிட்டு இருந்த இன்னொரு அண்ணன், மூணு பேரும் முறை வெச்சு விளையாடுவோம். அந்த அண்ணனுக்கு அப்ப பத்தொம்பது இருபது வயசு இருக்கும். பேரல் விஷயத்துல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. நாலு பேரும் பேரல்கிட்ட வர்ற வரைக்கும் பொறுமையா நிப்பார். "பாப்பா, இப்பப் பாரு"ம்பார். டமார்!

நான் நாலாவது படிக்கறப்ப அவருக்கு விபத்து ஆச்சு. "ட்ரம் வெடிச்சிருச்சு"ன்னு மட்டும்தான் வீட்ல சொன்னாங்க. முகம், கை எல்லாம் தீக்காயம், வலது கண்ணு போயிடுச்சு. அப்புறம் ஊரோட போயிட்டார். பட்டறையில எல்லாரும் சொன்னது, "பையன் கவனமில்லாம வெட்டிப்போட்டான்". எனக்கு அது மட்டும் புரியவே இல்லை. டூம்ல பேரல் பக்கத்துல கூடப் போகாத ஆளாச்சே, நிஜத்துல எப்படி கவனமில்லாம போனார்? என் மனசுல இருந்த படம் ஒண்ணுதான்: நிறைய பெட்ரோல் இருந்த ஒரு ட்ரம், அதுல பொறி பட்டு வெடிச்சது. இந்த நவம்பர் வரைக்கும் அதையேதான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

இங்க மணி மூணு, அங்க ராத்திரி ஏழரை. ஸ்க்ரீன்ல என் பேரல் வெடிக்கறதை அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு பார்த்தார்.

"ஏனம்மிணி, அந்த ட்ரம்முல என்ன இருக்குது?"

"ராக்கெட்டுக்கு ஊத்தற எண்ணெய்ங்கப்பா."

"நெறையா இருக்குதா, காலியா?"

"நெறையத்தானுங்க."

"நெறைஞ்ச ட்ரம்மு எப்புடி கண்ணு வெடிக்கும்? உள்ள காத்து இருந்தாத்தான வெடிக்கும். காலி ட்ரம்முதான் ஆளைக் கொல்லும்."

கேம்தானேப்பான்னு சிரிச்சேன். அவர் சிரிக்கலை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நெட் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் அவரா சொன்னார்.

அது தின்னர் வந்த ட்ரம். பழைய இரும்புக் கடையில இருந்து அப்பாதான் வாங்கிட்டு வந்து பட்டறை வாசல்ல வெச்சிருக்கார், பாதியா வெட்டி தண்ணித் தொட்டி பண்ணலாம்னு. ரெண்டு நாள் மூடி போட்டபடி வெயில்ல நின்னிருக்கு. அந்த அண்ணன் கேட்டிருக்கார், "கழுவிப்போட்டு வெட்டட்டுங்களாண்ணா?"ன்னு.

"காலி ட்ரம்முல என்றா இருக்குது, வெட்டுன்னு நாந்தான் சொன்னேன் அம்மிணி. ஆசுபத்திரிச் செலவெல்லாம் நானே கட்டுனேன். ஆனா நான் சொன்ன அந்த வார்த்தைய ஒருத்தருகிட்டயும் சொல்லுல. பையன் பாக்காம வெட்டிப்போட்டான்னு எல்லாரும் பேசறப்ப சும்மா நின்னுட்டு இருந்தேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. பின்னாடி அம்மா குக்கர் சத்தம் கேட்டுது. "சரி, சாப்புடு, குளுருல வெளிய சுத்தாத"ன்னு சொல்லி வெச்சுட்டார்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். அப்பா சொன்னது அப்படியே சரி. பெட்ரோலை எடுத்துக்கங்க. எரியறது திரவம் இல்லை, அதுல இருந்து வர்ற ஆவி. அந்த ஆவியும் காத்துல சுமார் 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தாதான் பத்தும். அதுக்குக் கீழ போனா ஆவி போதாது, மேல போனா காத்து போதாது. நிறைஞ்ச ட்ரம்ல காத்துக்கு இடமே கம்மி. துப்பாக்கியால சுட்டா ஓட்டை விழுந்து ஒழுகும், கேம்ல வர்ற மாதிரி டமார்னு பெரும்பாலும் வெடிக்காது. (அதுக்காக நிறைஞ்ச ட்ரம் பத்திரம்னு அர்த்தம் இல்லை. வெளிய தீ பிடிச்சு சூடேறினா உள்ள அழுத்தம் கூடி அதுவும் பிளக்கும். அந்த வகையில ஹாஃப் லைஃப் 2 பேரல்தான் நிஜத்துக்குக் கொஞ்சம் கிட்ட வருது.) ஆனா "காலி" ட்ரம்னு நாம சொல்றது காலியே இல்லை. அடியிலயும் மடிப்புலயும் ஒட்டியிருக்கற ஒரு கை அளவு தின்னர் போதும். வெயில்ல ஆவியாகி உள்ள இருக்கற காத்தோட கலந்துக்கும். மூடியும் போட்டிருக்கு, வெளிய போக வழியில்லை. அது மேல கட்டிங் டார்ச்சை வெச்சா, நாமளே திரி கிள்ளி வெச்ச மாதிரிதான்.

முப்பது வருஷமா கேம்கள் நமக்குச் சொல்லிக் குடுத்தது இதுக்கு நேர் எதிர். நிறைஞ்சிருந்தா ஆபத்து, பளிச்னு கலர் இருந்தா ஆபத்து, காலியா ஓரமா கிடக்கற சாதா ட்ரம் வெறும் அலங்காரம். கேமைக் குத்தம் சொல்ல வரலை. ஆட்டக்காரனுக்கு தூரத்துல இருந்தே தெரியணும்ல, அதுக்குத்தானே அந்தக் கலர். ஆனா நிஜத்துல ஆபத்துக்கு யாரும் கலர் அடிச்சு வைக்கறதில்லை.

இன்னொண்ணும் தோணுச்சு. டூம் பேரல் எவ்வளவு நியாயமா எழுதப்பட்டிருந்தாலும், அது ஞாபகம் வெச்சுக்கறது யார் அடிச்சாங்கங்கிறதை மட்டும்தான். அதை அங்க யார் கொண்டு வந்து வெச்சாங்கன்னு அதுக்கு எழுதி வைக்க இடமே இல்லை. கேம்ல அந்தக் கேள்வி வராது, வெச்சவர் லெவல் டிசைனர், அவர் கதைக்கு வெளிய உட்கார்ந்திருக்கார். நிஜத்துல வெச்சவங்களும் நம்ம கூடவேதான் இருக்காங்க. பெய்ரூட் துறைமுகத்துல 2020 ஆகஸ்ட் 4 வெடிச்சது சுமார் 2,750 டன் அமோனியம் நைட்ரேட். 200 பேருக்கு மேல செத்தாங்க. அது 2013ல ஒரு கப்பல்ல வந்து இறங்கி, கிடங்குல வருஷக்கணக்கா கிடந்த சரக்கு. பொறி எங்க இருந்து வந்ததுங்கிறது ஒரு கேள்வி. அவ்வளவு வருஷம் அதை அங்கயே விட்டு வெச்சது யாருங்கிறதுதான் பெரிய கேள்வி. நம்ம சென்னை மணலியிலயும் 2015ல பறிமுதல் பண்ணின சுமார் 700 டன் அதே சரக்கு கிடந்தது. பெய்ரூட்ல வெடிச்சப்புறம்தான் அவசர அவசரமா ஹைதராபாத்துக்கு அனுப்பினாங்க. நல்லவேளை, நம்ம பேரலை யாரும் சுடலை.

திங்கக்கிழமை லேபுக்குப் போய் என் பேரல்ல ஒரு வரி சேர்த்தேன். யார் சுட்டாங்கங்கிறதுக்குப் பக்கத்துலயே, யார் வெச்சாங்க. இப்ப எங்க கேம்ல பேரல் வெடிச்சு யாராவது செத்தா, ஸ்க்ரீன்ல ரெண்டு பேர் வரும். சுட்டது இன்னார், வெச்சது இன்னார். வெச்சதுங்கிற இடத்துல எப்பவும் போலந்து பொண்ணு பேர்தான் வருது :-) முதல்ல சிரிச்சா. நாலு தடவை அவ பேர் வந்தப்புறம், மாடிப்படி ஓரத்துல இருந்த மூணு பேரலை அவளாவே எடுத்துட்டா. "அங்க அது தேவையில்லை"ன்னு மட்டும் சொன்னா. ப்ரொஃபசருக்கு இது பிடிச்சுதா இல்லையான்னு தெரியலை. மார்க் வந்ததும் சொல்றேன்.

இதை எழுதலாமான்னு அப்பாகிட்ட கேட்டேன். வேண்டாம்பார்னு நினைச்சேன். "எழுது. பட்டறைக்காரங்க யாராச்சும் படிச்சாங்கன்னா நல்லதுதான"ன்னார். அதனால அவங்களுக்காக: எண்ணெய், பெயின்ட், தின்னர் வந்த காலி ட்ரம்மை தொட்டிக்கோ அடுப்புக்கோ வெட்டணும்னு ஆசைப்படாதீங்க, தொட்டி வெளியில கிடைக்கும். வெட்டியே ஆகணும்னா, உள்ள என்ன இருந்ததுன்னு தெரியாம டார்ச்சோ கிரைண்டரோ வைக்காதீங்க. மூடியைக் கழட்டி, முறையா கழுவி, ஆவி போயிடுச்சான்னு விஷயம் தெரிஞ்சவங்களை வெச்சு சரிபார்த்துட்டு, தண்ணி நிரப்பி வெச்சு வேலை செய்யுங்க. கூட இருக்கற பையன் "கழுவட்டுங்களா?"ன்னு கேட்டா, கழுவச் சொல்லுங்க.

போன வாரம் அப்பா அந்த அண்ணனுக்கு போன் பண்ணினாராம். அம்மா சொன்னாங்க. என்ன பேசினாங்கன்னு நான் கேட்கலை.

அடுத்த வெள்ளி: கண்ணாடி ஜன்னல். சுட்டா எதுக்கு உடையும், எதுக்கு உடையாது? இந்தத் தடவை கண்டிப்பா வரும் :-)

டிஸ்கி: "தகரத்துக்கு பேரல், மரத்துக்குத்தான் பீப்பாய்"னு தமிழ் வகுப்பு எடுக்க வர்ற அண்ணாச்சிகளுக்கு, எங்க பட்டறையில ரெண்டுமே ட்ரம்முதான். ஆளை விடுங்க.